படியிறங்கி வராத மருத்துவம்

நீலகிரியின் சனவரி இரவுகள் எத்தகையவை என்பதைச் சமவெளியில் வாழும் வாசகர்களுக்குச் சற்றுச் சொல்லவேண்டும். மாலை ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். விடியற்காலையில் புல்தரையும் தேயிலைச் செடிகளும் உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். உதகையின் தாழ்வான பகுதிகளில் வெப்பமானி பூச்சியத்தைத் தொடும் நாள்களும் உண்டு. அத்தகைய ஓர் இரவில், குன்னூர்ப் பக்கத்துச் சரிவு ஒன்றில், சாலையிலிருந்து 96 படிகள் இறங்கிச் செல்லவேண்டிய ஒரு வீட்டில், எங்கள் பங்கைச் சேர்ந்த 81 வயது மூதாட்டி ஒருவர் காய்ச்சலின் மூன்றாம் நாளில் படுத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகள் கம்பளியின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தன. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் இருந்தவர்கள் மருமகளும் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுமே.

மருமகள் முதலில் அழைத்தது, அக்குடும்பம் பதினைந்து ஆண்டுகளாகச் சென்றுவரும் மருத்துவரை. ‘காலையில் அழைத்துக்கொண்டு வாருங்கள்’ என்றார் அவர். நடக்க முடியவில்லை என்று சொன்னதற்கு, ‘அப்படியானால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்’ என்றார். இரண்டாவதாக அழைத்தது ஒரு தனியார் மருத்துவமனையை. அங்கிருந்தும் அதே மறுமொழி. மூன்றாவதாக அழைத்தது துறவற சபையினர் நடத்தும் மருத்துவமனை ஒன்றை. பெயர் வேண்டாம், அது நம்முடையது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ‘சிஸ்டர், கொஞ்சம் டாக்டரை அனுப்புங்களேன், ஆட்டோவுக்கு நாங்களே கொடுத்துவிடுகிறோம்’ என்று அப்பெண் கெஞ்சியிருக்கிறார். இரவுப் பணி மருத்துவர் வளாகத்தை விட்டு வெளியே செல்லக்கூடாது என்பது விதி என்று அன்பாகவே சொன்னார்களாம். அன்பில் குறையில்லை.

நான்காவது அழைப்பு பங்குத்தந்தைக்கு. அவருக்கு வயது 67. முழங்கால் வலி வேறு. அரைமணி நேரத்தில் கையில் டார்ச்சும் சட்டைப்பையில் திருத்தைலமுமாக அந்த 96 படிகளையும் இறங்கி வந்தார். வழியில் இரண்டு இடங்களில் உட்கார்ந்து எழுந்தார் என்று பின்னால் தெரிந்தது. நோயில்பூசுதல் கொடுத்தார், செபமாலையின் ஒரு பத்தைச் சொன்னார், பிறகு மருமகளைப் பார்த்து, ‘டாக்டர் வந்து பார்த்தாராம்மா?’ என்று கேட்டார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கட்டுரை பிறக்கிறது. பனிவிழும் இரவில் ஒரு முதிய குருவானவரால் இறங்க முடிந்த படிகளில் நம் ஊர் மருத்துவர் ஒருவராலும் ஏன் இறங்க முடியவில்லை? இதைக் கேட்டால் மருத்துவர்கள் சிலர் சினங்கொள்ளக்கூடும். மருத்துவமனை நடத்தும் அருட்சகோதரிகள் மனம் வருந்தக்கூடும். பொதுநிலையினராகிய நாமும் இதில் தப்பிவிடப் போவதில்லை. ஆயினும் கேட்டே தீரவேண்டும்.

‘அழைத்துக்கொண்டு வாருங்கள்’ என்ற அந்தச் சொற்றொடரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வருபவர் நோயாளி, இருப்பவர் மருத்துவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் தோல் பையோடு வாசலில் வந்து நின்ற மருத்துவரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், கை துடைக்கப் புதுத் துண்டு எடுத்து வைப்பதும், போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் வரை உடன் செல்வதும் வீட்டுப் பிள்ளைகளின் கடமையாக இருந்தன. எந்தச் சட்டமும் அந்த வழக்கத்தை ஒழிக்கவில்லை. ஒருவரும் அறிவிக்கவுமில்லை. ஒவ்வொரு மருத்துவராக வருவதை நிறுத்தினார். ஒவ்வொரு குடும்பமாகக் கேட்பதை நிறுத்தியது. இன்று வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்பதே ஏதோ செல்வந்தரின் செருக்கு என்பதுபோல் ஆகிவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டில் மருத்துவர் நோயாளியைச் சந்தித்த நிகழ்வுகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு நோயாளியின் வீட்டில் நடந்தவை. 1950-இல் அது 10 விழுக்காடாயிற்று. 1980-இல் 1 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. குடும்ப மருத்துவர் முறைக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தில் 2019 நவம்பரில் மருத்துவர்களின் மாநாடு ஒன்று, வீடு தேடிச் செல்வதைத் தங்கள் ஒப்பந்தக் கடமைகளிலிருந்தே நீக்கவேண்டும் என்று சிறு பெரும்பான்மையில் தீர்மானம் நிறைவேற்றியது. அரசு அதை ஏற்கவில்லை என்பது வேறு செய்தி. தீர்மானம் போடும் துணிவு வந்தது பாருங்கள், அதுதான் கவனிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. பாரிசு நகரில் 1966-ஆம் ஆண்டு மார்செல் லஸ்கார் என்னும் மருத்துவரின் நோயாளி ஒருவர், வாரக் கடைசி நாளில் வீட்டுக்கு வர மருத்துவர் எவரும் கிடைக்காமல் இறந்துபோனார். தண்ணீர்க் குழாய் உடைந்தால் எந்நேரமும் ஆள் வருகிறான், மனிதனுடைய மூச்சு திணறினால் ஒருவரும் வருவதில்லையே என்று அவர் மனம் கொதித்தார். கொதிப்பைக் கட்டுரையாக எழுதிவிட்டு (என்னைப்போல) உட்கார்ந்துவிடாமல், இரவும் பகலும் வீடு தேடிச் செல்லும் மருத்துவர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். எஸ்.ஓ.எஸ். மெத்சாங் என்னும் அச்சங்கம் இன்று பிரான்சின் பல நகரங்களில் இயங்குகிறது. குளிர்காலத்தில் இன்ஃபுளுயன்சா பரவும்போது அம்மருத்துவர்கள் படியேறிப் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் கொண்டுதான் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை, நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வாரந்தோறும் கணிக்கிறது. வீட்டுக்குச் செல்லும் மருத்துவர் வீட்டை மட்டுமா பார்க்கிறார்? ஊரையே பார்க்கிறார்.

இனி நோய்க்கு வருவோம். இன்ஃபுளுயன்சாவை நாம் சளிக்காய்ச்சல் என்று சொல்லி, சுக்குக் கஷாயத்தோடு கணக்குத் தீர்த்துவிடுகிறோம். பெரும்பாலோர்க்கு அது போதும் என்பதும் உண்மையே. இளைஞர் ஒருவர் ஐந்தாறு நாள் உடல்வலியோடு படுத்து எழுந்துவிடுவார். ஆனால் உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இக்காய்ச்சலை ஒட்டிய மூச்சுறுப்பு நோய்களால் உலகெங்கும் இறக்கின்றனர். இவர்களில் முதியோர் மிகுதி. 1918-ஆம் ஆண்டின் பெருங்கொள்ளையில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

முதியவர்களிடம் இந்நோய் கள்ளத்தனமாக நடந்துகொள்ளும். காய்ச்சல் அதிகம் ஏறாமலே நுரையீரலில் இறங்கிவிடும். பெரியவர் சாப்பிட மறுக்கிறார், பேச்சில் தடுமாறுகிறார், எழுந்தபோது விழுந்தார் என்று வீட்டார் சொல்வார்கள். வயதின் தளர்ச்சி என்று நினைப்பார்கள். இந்த வைரசை எதிர்க்கும் மருந்து உண்டு. ஆனால் நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் முழுப்பயன் கிடைக்கும். இரண்டு நாள். நம் மூதாட்டி விசயத்தில் அந்த இரண்டு நாளும் ‘நாளைக்கு வெயில் வந்ததும் மேலே தூக்கிப்போய்ப் பார்ப்போம்’ என்பதிலேயே கழிந்திருந்தன. மருத்துவர் வருவார் என்ற வழக்கம் இருந்திருந்தால் முதல் நாள் மாலையே ஒருவர் அந்த மார்பில் குழாயை வைத்துப் பார்த்திருப்பார்.

இப்போது எதிர்வாதங்களைக் கேட்போம். அவற்றில் சில வலுவுள்ளவை. தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை.

ஒரு மருத்துவர் ஒரு வீட்டுக்குப் போய்வரும் நேரத்தில் புறநோயாளிப் பிரிவில் பத்துப் பேரைப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். கணக்கு சரியே. ஆனால் அந்தப் பத்துப் பேரும் யார்? படியேறி வரக் கூடியவர்கள். வரமுடியாத பதினோராவது ஆள் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. மேலும், குளிர்காலத்தில் நம் மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பனிக்குப் பயந்து சன்னல்கள் எல்லாம் அடைத்திருக்கும். அறுபது பேர் நெருக்கியடித்து இருமிக்கொண்டிருப்பார்கள். இருமலிலும் தும்மலிலும் பரவும் நோய்க்கு அதைவிடத் தோதான இடத்தை எவரும் திட்டமிட்டுக் கட்டமுடியாது. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்த முதியவர் காய்ச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார். வீட்டுக்குச் சென்று பார்க்கும் மருத்துவர் அந்தக் கூடத்திலிருந்து ஒரு நோயாளியைக் குறைக்கிறார். கூடத்தில் இருப்பவர்களுக்கும் அது உதவி.

எக்சுரே இல்லை, இரத்தப் பரிசோதனை இல்லை, வீட்டில் வந்து என்ன செய்வது என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்லும் இளம் மருத்துவர்களைக் கேட்கிறேன்: நுரையீரல் அழற்சி எவ்வளவு கடுமையானது என்று மதிப்பிட உங்கள் பாடநூலிலேயே உள்ள சி.ஆர்.பி.-65 என்னும் அளவுகோலுக்கு என்ன கருவி வேண்டும்? நோயாளி குழம்பிப் பேசுகிறாரா, நிமிடத்துக்கு முப்பதோ அதற்கு மேலோ மூச்சு விடுகிறாரா, இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கிறதா, வயது 65-ஐத் தொட்டுவிட்டதா, கேள்விகள் இந்நான்குதாம். ஒரு கைக்கடிகாரமும் இரத்த அழுத்தமானியும் போதும். கொரோனாக் காலத்தில் விரல் நுனியில் மாட்டி உயிர்வளியின் அளவு பார்க்கும் கருவி மளிகைக்கடை வரை வந்துவிட்டதே! வீட்டுக்கு வரும் மருத்துவர் அங்கேயே எல்லாரையும் குணமாக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. இவர் இங்கேயே இருக்கலாம், இவரை இப்போதே தூக்குங்கள் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒரு தீர்ப்புக்காகத்தான் அந்த மருமகள் மூன்று இடங்களைக் கெஞ்சினார். அந்தத் தீர்ப்பை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவரே சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிட்டோம்.

இரவில் தனியாகச் செல்லும் மருத்துவருக்கு, அதிலும் பெண் மருத்துவருக்கு, பாதுகாப்பு என்ன என்ற கேள்வி இருக்கிறதே, அதற்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களைத் தாக்கும் நாட்டில் இக்கேள்வி கேலிக்குரியதன்று. இதற்கு விடை மருத்துவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

அண்மைக் காலத்தில் எழுந்துள்ள வாதம் ஒன்றுண்டு: தொலைபேசியில் முகம் பார்த்தே மருத்துவம் செய்யலாமே, நேரில் எதற்கு? இதற்கு விவிலியச் சான்று காட்டும் நண்பர் ஒருவரும் எனக்குண்டு. நூற்றுவர் தலைவர், தம் இல்லத்துக்கு ஆண்டவர் வரத் தேவையில்லை, ஒரு சொல் போதும் என்றாரே. ஊழியன் தொலைவிலிருந்தே நலமடைந்தானே என்கிறார் அவர். நல்ல வாதம்தான். ஆனால் மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை மீண்டும் திறந்து பாருங்கள். நூற்றுவர் தலைவர் அப்படிச் சொல்வதற்கு முன்பே இயேசு, தாமே வந்து குணமாக்குவதாகச் சொல்லிவிட்டார். வரவேண்டாம் என்று சொல்லும் உரிமை நோயாளியின் பக்கத்தில் இருந்தது; வரமாட்டேன் என்று சொல்லும் உரிமையை மருத்துவராக வந்த ஆண்டவர் எடுத்துக்கொள்ளவில்லை. நம் தொலைபேசி மருத்துவம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. அதே அதிகாரத்தில், அந்நிகழ்ச்சியை அடுத்தே வருவது என்ன? பேதுருவின் மாமியார் காய்ச்சலாகக் கிடந்த வீட்டுக்குள் ஆண்டவர் நுழைவது. அவருடைய கையைத் தொடுகிறார். காய்ச்சல் கண்ட ஒரு மூதாட்டிக்காக ஒருவர் வீடு தேடி வந்த நிகழ்ச்சியை மூன்று நற்செய்தியாளர்கள் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். யாயிரின் மகளுக்காகவும் அவர் தெருவில் நடந்தே சென்றார். கூட்டம் நெருக்கியது, வழியில் தாமதமும் ஆனது, ஆயினும் திரும்பிவிடவில்லை.

தொலைபேசி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நுரையீரலின் அடிப்பகுதியில் கேட்கும் நொறுநொறு ஓசையைத் தொலைபேசி கேட்காது. சமையலறையில் கஞ்சி வைக்க அரிசி இருக்கிறதா, நோயாளி படுத்திருப்பது ஈரத் தரையிலா, அடுப்புப் புகை அதே அறையில் சூழ்கிறதா என்பதையும் அது பார்க்காது. அந்த வீட்டில் அன்றிரவு இம்மூன்றும் கவனிக்கவேண்டியவையாக இருந்தன.

நம் திருச்சபையின் நினைவில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1987 அக்டோபரில் பொதுநிலையினரின் அழைத்தலையும் பணியையும் பற்றி உரோமையில் ஆயர்கள் மாமன்றம் கூடியது. அது நடந்துகொண்டிருந்தபோதே, அக்டோபர் 25-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு பொதுநிலையினரைப் புனிதராக உயர்த்தினார். அவர் நேப்பிள்சு நகரின் மருத்துவர் ஜுசேப்பே மொஸ்காத்தி. பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர், ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர், மருத்துவமனையில் பிரிவொன்றின் தலைவராக இருந்தவர். இத்தனைக்கும் பிறகு ஏழைத் தெருக்களின் மாடிப்படிகளில் ஏறி இறங்க அவருக்கு நேரம் இருந்தது. ஏழைகளிடம் கட்டணம் வாங்காததோடு, சில வேளைகளில் மருந்துச் சீட்டுக்குள் பணத்தை மடித்து வைத்துவிட்டு வருவார் என்று சொல்வார்கள். 1927 ஏப்ரல் 12 அன்று காலைத் திருப்பலிக்கும் மருத்துவமனைப் பணிக்கும் பிறகு வீட்டுக்கு வந்தவர், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர்நீத்தார். வயது 46. நம் மருத்துவமனைகள் எத்தனையில் அவர் படம் மாட்டப்பட்டிருக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. மாட்டியிருக்கும் இடங்களில் அப்படத்தின் கீழேயே அந்த விதி, வளாகத்தை விட்டு வெளியே செல்லக்கூடாது என்னும் விதி, நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்க விரும்புகிறேன்.

அருட்சகோதரிகளுக்கு நான் வேறு எவரையும் நினைவூட்டத் தேவையில்லை. ஆசுதிரேலியாவில் நன்றாக நடந்துகொண்டிருந்த மருத்துவத் தொழிலை விட்டு 1920-இல் குண்டூருக்கு வந்து, துறவியாகவும் மருத்துவராகவும் வாழ்ந்து, 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே சங்கமாக இணைத்த மேரி குளோரியை அவர்கள் நன்கறிவர். கட்டடங்கள் பிறகு வந்தன. முதலில் வந்தவை நடந்த கால்கள்.

மருத்துவமனைகளின் பெருக்கத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கியது. 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மலைமக்களுக்கு அது பெருங்கொடை. முன்பு கோவைக்கு ஓடிய பலருக்கு அந்த ஓட்டம் மிச்சம். ஆனால் படுக்கை எழுநூறானாலும் ஏழாயிரமானாலும் அந்த 96 படிகள் 96-ஆகவே இருக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் வீட்டு வாசலில் நின்று இரத்த அழுத்தம் பார்த்தது, சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுத்தது, படுத்த படுக்கையாக இருப்போர்க்கு ஆதரவு மருத்துவமும் உடலியக்கப் பயிற்சியும் அளித்தது. வாசலுக்கு வருவது நடக்கக்கூடிய காரியம் என்பதை அது மெய்ப்பித்துக் காட்டியது. அது நாள்பட்ட நோய்களுக்கானது. திடீரென்று வரும் காய்ச்சலின் மூன்றாம் இரவுக்கு அதில் இடமில்லை.

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியே மலையிறங்கினால் மலப்புறம் மாவட்டம். அங்கே இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஊர்மக்கள் சிறு சிறு காணிக்கைகளைச் சேர்த்து, தாதியரும் தொண்டர்களுமாக வீடு வீடாகச் சென்று தீரா நோயாளிகளைப் பேணிவருகிறார்கள். மருத்துவரும் உடன் செல்வார். அவர்களில் பெரும்பாலோர் நம் மறையினர் அல்லர். ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் நடக்கும் இந்த அறச்செயலைக் கற்றுக்கொள்ள நம் மறைமாவட்டங்களிலிருந்து எத்தனை பேர் மலையிறங்கினோம்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். மருத்துவரைத் திட்டித் தீர்ப்பது எளிது. வீட்டுக்கு வரும் மருத்துவரை நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் சொல்லவேண்டாமா?

முதலாவதாக, நாம் கஞ்சர்கள். ஆய்வுக்கூடத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சீட்டு நீட்டினால் வாய்திறவாமல் கட்டுகிறோம். இருபது நிமிடம் உட்கார்ந்து, மார்பைத் தட்டி, முதுகில் காதுவைத்துக் கேட்டு, ‘ஒன்றும் பயமில்லை, நிறையத் தண்ணீர் கொடுங்கள்’ என்று சொல்லும் மனிதருக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க மனம் வருவதில்லை. ‘ஒரு ஊசிகூடப் போடவில்லை, அதற்கு ஐந்நூறா?’ என்கிறோம். எந்திரம் சொன்னால் விலை உண்டு, மனிதர் சொன்னால் விலையில்லை! ஊசி போடாத மருத்துவரை மருத்துவராகவே மதிக்காத நம் மூடத்தனம் அவரைக் கெடுத்திருக்கிறது. வைரசுக் காய்ச்சலில் ஆன்டிபயாடிக் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது என்று தெரிந்திருந்தும், நம் வாயை அடைப்பதற்காகவே அதை எழுதித் தருகிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். குளுக்கோசு ஏற்றினால்தான் நோயாளிக்கு மரியாதை என்று நினைக்கிற குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம்.

அடுத்தது, நாம் நேரம் காலம் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி, இரவு பதினொரு மணிக்கு, இரண்டு வார இருமலுக்கு மருத்துவரின் கதவைத் தட்டியவர்கள் நாம். பகலில் காட்டியிருக்கலாம். மருத்துவர்கள் கதவைச் சாத்திக்கொண்டதற்கு அந்தத் தட்டல்களும் காரணம்.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. முதியவர்களைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடுவதை நாம் அன்பின் அடையாளமாக ஊருக்குக் காட்டிக்கொள்கிறோம். ‘எவ்வளவோ செலவு பண்ணினோம்’ என்று அடக்கத்துக்கு வந்தவர்களிடம் சொல்லிக்கொள்ளவேண்டும் அல்லவா? வீட்டிலேயே வைத்து, நல்லவிதமாகப் பார்த்து, கஞ்சி கொடுத்துத் தேற்றியிருக்கக்கூடிய பெரியவர்கள் பலர், இந்த ஊர்மெச்சும் அன்பினால் நெடுந்தொலைவு ஆம்புலன்சில் குலுங்கிச் சென்றிருக்கிறார்கள்.

ஆகவே பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு நான் சொல்வதாகக் கூறிய விடை இதுதான். மருத்துவர் தனியாக வரக்கூடாது. நாம் உடன் வரவேண்டும். புனித வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகளில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. 1833-இல் பாரிசில் ஓசானாமும் அவருடைய மாணவத் தோழர்களும் அதைத் தொடங்கியபோது அதன் முதல் வேலை பணம் திரட்டுவதன்று. ஏழையின் வீட்டுக்கு நேரில் சென்று அமர்வது. இருவர் இருவராகச் செல்வது அச்சபையின் வழக்கம். இன்று நம் சபைக் கூட்டங்களில் அரிசி மூட்டைக் கணக்கும் கிறிஸ்துமஸ் புடவைக் கணக்கும் வாசிக்கப்படுகின்றன. வீடு சந்திப்பு எத்தனை என்ற கட்டம் குறிப்பேட்டில் வெறுமையாகக் கிடக்கிறது. நானும் அச்சபையின் உறுப்பினன். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமையும் வெட்கமும் ஒருசேர உண்டு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை, இருவர் ஒரு வண்டியோடு கோயில் வளாகத்தில் இருந்தால் போதும். மருத்துவரை அவருடைய வாசலிலிருந்து கூட்டிச்சென்று, வாசலிலேயே கொண்டுவந்து விடலாம். மறைமாவட்டத்தின் கத்தோலிக்க மருத்துவர்கள் ஆளுக்கு வாரம் ஒரு மாலை கொடுத்தால் போதும். அவர்களுக்குரிய கட்டணத்தை, இயலாத வீட்டார் சார்பில் பங்கு கொடுக்கட்டும். தேர்த் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியே இதற்கு மிகும்.

துறவற சபையினரின் மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவரை அனுப்ப முடியாவிட்டால் பயிற்சிபெற்ற தாதியை அனுப்புங்கள். மூச்சை எண்ணவும், இரத்த அழுத்தம் பார்க்கவும், விரலில் கருவி மாட்டவும், மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லவும் அவரால் முடியும். அப்போது தொலைபேசிக்கும் ஒரு மதிப்பு வரும். குளிர் தொடங்குமுன்பே, அக்டோபரில், முதியோர்க்கு இன்ஃபுளுயன்சாத் தடுப்பூசி போடுவதையும் இந்த வீடு சந்திப்போடு சேர்த்துக்கொள்ளலாம். அது ஆண்டுதோறும் போடவேண்டிய ஊசி என்பது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது.

பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, உலக நோயாளர் நாளைக் கொண்டாடுகிறோம். 1993 முதல் இது நடந்துவருகிறது. அன்று நோயாளிகளைக் கோயிலுக்கு அழைத்து வரச் சொல்லி அறிக்கை வாசிக்கிறோம். பாருங்கள், அன்றும் அழைத்துக்கொண்டு வரத்தான் சொல்கிறோம்! வர முடிந்தவர்கள் வந்து மந்திரிப்பும் தேநீரும் பெற்றுச் செல்கிறார்கள்.

அந்த மூதாட்டியைப் பொழுது விடிந்ததும் ஒரு கம்பளியில் கிடத்தி நால்வர் மேலே தூக்கிவந்தோம். கம்பளியின் ஒரு முனை என் கையில் இருந்தது. படிகளில் உறைபனி வழுக்கியது. நடுவில் மூன்று முறை இறக்கிவைத்தோம். ஒவ்வொரு முறையும் அவர், ‘உங்களுக்குச் சிரமம் தம்பி’ என்றார். இரண்டு நுரையீரல்களிலும் அழற்சி என்றார்கள். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்தார். ஆனால் கால்கள் திரும்பி வரவில்லை. ஞாயிறுதோறும் அந்தப் படிகளை ஏறி முதல் திருப்பலிக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது வருவதில்லை. முதல் வெள்ளியன்று நற்கருணை அவரிடம் போகிறது.

முதல் வெள்ளி நற்கருணைக்குப் பங்குத்தந்தையிடம் ஒரு குறிப்பேடு உண்டு. எங்கள் பங்கில் வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இப்போது 23 பெயர்கள். மருத்துவர் யார் யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தனியாகக் கணக்கெடுக்கத் தேவையில்லை, பட்டியல் ஆயத்தமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். பெயருக்கு எதிரே, சாலையிலிருந்து எத்தனை படிகள் என்பதையும் எழுதிவைக்கச் சொன்னேன். அடுத்த முதல் வெள்ளியில் அவரே எண்ணிக்கொண்டு வந்தார். ஆகக் குறைவு 14. ஆக அதிகம் 131.